'மே' என்னும் சொல்லும் 'ஷால்' என்னும் சொல்லும்

தேர் எவ்வளவு பெரிதாயினும் அதன் ஓட்டம் ஒரு கடையாணியில் அடங்கியிருக்கிறது. கடையாணி கழன்றால் தேர் சாயும். அரசாங்கக் கடிதங்களும் சட்டங்களும் இத்தகைய தேர்களே. அவற்றில் நீண்ட சொற்களும் அடுக்குத் தொடர்களும் எத்தனையோ இருப்பினும், பொருள் முழுவதையும் தாங்கி நிற்பது பெரும்பாலும் ஒரு சிறு துணைவினைதான். ஆங்கிலத்தில் அவ்வாறு தாங்கி நிற்கும் துணைவினைகளுள் தலையாயவை இரண்டு. ஒன்று 'மே', மற்றொன்று 'ஷால்'. இவ்விரண்டின் வேறுபாட்டை நாம் பள்ளியிறுதி வகுப்பிலேயே படித்தோம், மதிப்பெண்ணும் பெற்றோம். ஆயினும் அதன் உண்மைப் பொருளை அறிந்தது அண்மையில்தான். அறிந்த விதமோ மகிழ்ச்சிக்குரியதன்று.

அதியன்னூரில் நம் வீட்டிற்கு அருகே பெரியவர் ஒருவர் வாழ்கிறார். தறியில் அமர்ந்தே முதுமை எய்தியவர். தெருவார் அனைவரும் அவரைப் 'பாட்டா' என்றே அழைப்பர். தம் பேத்திக்குத் தமிழ் எழுத்துக் கற்பிக்கப் பள்ளியில் ஓர் ஆசிரியர் வேண்டும் என்பது அவருடைய நெடுநாளைய விருப்பம். அதன்பொருட்டு ஓர் அலுவலகத்திற்கு மனு எழுதினார். சில வாரங்களில் ஆங்கிலத்தில் ஒரு மறுமொழி வந்தது. அதனை எடுத்துக்கொண்டு ஒரு மாலை நம் வீட்டுத் திண்ணைக்கு வந்தார்.

"தம்பி, இரயில்வேயில் நாள்தோறும் இங்கிலீஷ் காகிதம் பார்க்கிறவர் நீங்கள். இதில் என்ன எழுதியிருக்கிறது என்று சொல்லுங்கள்" என்றார்.

போதிய மாணவர் இருப்பது தெரியவரின் வேண்டுகோள் கருதப்பெற 'மே' என்று அக்கடிதம் கூறிற்று. நாம் அதனை ஒருமுறை கண்ணோட்டமிட்டு, "கவலை வேண்டாம், பாட்டா. உங்கள் மனுவைக் கவனிப்பார்கள்" என்றோம். அவர் முகம் மலர்ந்தது. கடிதத்தை நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு சென்றார்.

ஜூன் மாதம் பள்ளி திறந்தது. தமிழாசிரியர் வரவில்லை. பெரியவர் அலுவலகத்திற்குச் சென்று கேட்டார். "கவனிப்போம் என்று நாங்கள் எழுதவில்லையே, கவனிக்கலாம் என்றுதானே எழுதினோம்? மாணவர் பட்டியல் ஒன்றும் வரவில்லையே" என்று விடை கிடைத்தது. பட்டியல் எவ்வாறு வரும்? கவனிப்பார்கள் என்று நாம் கூறியதை நம்பி அவர் வாளா இருந்துவிட்டார். அலுவலகம் எழுதியதில் பிழையில்லை. பொருள் கூறிய நம்மிடத்தில்தான் பிழை. 'கவனிக்கலாம்' என்பதைக் 'கவனிப்பார்கள்' என்று மாற்றிவிட்டோம். அந்த ஒரு பிழையால் ஒரு குழந்தைக்கு ஓராண்டுத் தமிழ் போயிற்று.

இக்குற்ற உணர்ச்சியே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது. நம்மைப்போல் அயலிடத்தில் வாழும் தமிழ்க் குடும்பத்தார்க்கு ஆங்கிலக் காகிதங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. ஆகவே இவ்விரு சொற்களையும் சற்று ஆராய்தல் நலம்.

இலக்கணம் கூறுவது

முதலில் 'மே' என்பதைக் காண்போம். நன்னூலார் கூறும் 42 ஓரெழுத்தொரு மொழிகளில் நம் தமிழ் 'மே'யும் ஒன்று. அதற்கு மேன்மை என்றும் அன்பு என்றும் பொருள் கூறுவர். ஆங்கில 'மே'க்கும் அதற்கும் யாதொரு உறவும் இல்லை.

ஆங்கில 'மே' மூன்று வேலைகளைச் செய்கிறது. ஒன்று, இசைவு தருதல்: 'நீ போகலாம்'. இரண்டு, நிகழக்கூடுமெனக் கூறுதல்: 'இன்று மழை பெய்யலாம்'. மூன்று, வாழ்த்துதல்: 'நீடு வாழ்க'. முதலிரண்டிற்கும் தமிழில் 'லாம்' என்னும் ஒரே ஈறு பொருந்துவதைக் காண்க. 'போகல் ஆம்' என்பதே 'போகலாம்' ஆயிற்று. மூன்றாவதற்கு நம் வியங்கோள் வினை இருக்கிறது. ஆகவே தமிழருக்கு 'மே' அயலான சொல் அன்று.

இனி 'ஷால்'. இது இடத்துக்கேற்ப நிறம் மாறுவது. ரென், மார்ட்டின் இருவரும் எழுதிய இலக்கண நூலைப் படித்தவர்கள் இதனை நினைவுகூர்வர். தன்மையிடத்தில் 'ஷால்' வருமாயின் வெறும் எதிர்காலம்: 'நான் நாளை போவேன்'. முன்னிலையிலும் படர்க்கையிலும் அது வருமாயின் கட்டளை, உறுதி, வாக்குறுதி ஆகியவற்றுள் ஒன்று: 'நீ போதல் வேண்டும்', 'அவன் பரிசு பெற்றே தீர்வான்'. 'வில்' என்னும் சொல் இதற்கு நேர்மாறாக நிற்கும். தன்மையில் அது உறுதி. ஏனைய இரண்டிடத்தும் வெறும் எதிர்காலம்.

இவ்வேறுபாட்டை விளக்கப் பழைய ஆசிரியர்கள் ஒரு கதை சொல்வதுண்டு. அயல்நாட்டார் ஒருவர் இங்கிலாந்தில் ஓர் ஆற்றில் தவறி விழுந்தார். 'நான் மூழ்கிவிடுவேன், என்னைக் காப்பாற்றுவார் இல்லையே' என்று அலற நினைத்தவர், 'வில்' வரவேண்டிய இடத்தில் 'ஷால்' என்றும், 'ஷால்' வரவேண்டிய இடத்தில் 'வில்' என்றும் கூவிவிட்டார். கரையில் நின்ற கனவான்களின் செவியில் அது, 'நான் மூழ்கியே தீர்வேன்; ஒருவரும் என்னைக் காப்பாற்றலாகாது' என்று விழுந்தது. பிறர் விருப்பத்தில் தலையிடாத அப்பெருமக்கள் தொப்பியைக் கழற்றி மரியாதை செய்துவிட்டு நடந்தனர். வகுப்பில் இக்கதையைக் கேட்டு நாம் சிரித்தோம். பெரியவரின் கடிதத்திற்குப் பின் அக்கதை நமக்கு நகைப்பைத் தரவில்லை.

இக்காலத்துப் பேச்சு வழக்கில் 'ஷால்' அருகிவிட்டது. எல்லா இடத்தும் 'வில்' என்றே பேசுகின்றனர். ஆனால் சட்டத்தின் வீட்டில் 'ஷால்' இன்றும் தலைவராக வீற்றிருக்கிறது. அங்கே அதன் பொருள் 'செய்தல் வேண்டும்' என்பது. 'மே' என்பதன் பொருள் 'செய்யலாம்' என்பது.

இவ்விரு சொற்களின் பிறப்பையும் அறிந்துகொண்டால் வேறுபாடு மறக்கவே மறக்காது. பழைய ஆங்கிலத்தில் 'மே' என்பதன் மூலச்சொல்லுக்கு 'வல்லமை உடைத்தாதல்' என்று பொருள். வலிமையைக் குறிக்கும் 'மைட்' என்னும் ஆங்கிலப் பெயர்ச்சொல்லும் அக்குடும்பத்ததே. 'ஷால்' என்பதன் மூலச்சொல்லுக்கோ 'கடன்பட்டிருத்தல்' என்று பொருள். ஜெர்மன் மொழியில் கடனையும் குற்றத்தையும் குறிக்கும் 'ஷுல்ட்' என்னும் சொல் அதன் உறவே. நம் தமிழில் 'கடன்' என்னும் சொல் வாங்கிய பணத்தையும் குறிக்கும். செய்யவேண்டிய கடமையையும் குறிக்கும். எனவே, 'மே' என்பது வல்லமை, 'ஷால்' என்பது கடன் என்று நெஞ்சில் எழுதிக்கொள்க.

மலையாளத்தின் நுட்பம்

நெய்யாற்றின்கரைத் தாலுகாவில் வாழும் தமிழர்க்கு மற்றொரு நுட்பமும் தெரிந்திருத்தல் வேண்டும். நம் 'லாம்' ஈற்றிற்கு உடன்பிறப்பு மலையாளத்திலும் உண்டு. 'செய்யாம்', 'தராம்', 'வராம்' என்பன அவை. 'வேண்டும்' என்பதற்கு அங்கே 'வேணம்'. கேட்ட அளவில் எல்லாம் ஒன்றே எனத் தோன்றும். ஆனால் மலையாளி தன்மையிடத்தில், 'ஞான் வராம்' என்று கூறினால் அது 'நான் வரலாம்' என்னும் ஐயமன்று; 'நான் வருகிறேன்' என்னும் ஒப்புதலாகும். கடைக்காரர் 'தராம்' என்றால் தருவதாக ஏற்றுக்கொண்டார் என்பதே பொருள். தமிழகத்திலிருந்து புதிதாக வந்தவர்கள் 'தரலாம், தராமலும் இருக்கலாம் என்கிறாரே' என்று மயங்குவர்.

அதே மலையாளத்தில் 'போகாம்' என்று முன்னிலையாரை நோக்கிக் கூறினால் இசைவாகும். ஆகவே ஒரே 'ஆம்' ஓரிடத்தில் வல்லமையாகவும் மற்றோரிடத்தில் கடனாகவும் நிற்கிறது. களியக்காவிளைக்கு இப்பாலும் அப்பாலும் வாழ்வோர் நாள்தோறும் இவ்விரு மொழிகளுக்கிடையே சென்று வருகின்றனர். 'மே'க்கும் 'ஷாலு'க்கும் உள்ள வேறுபாட்டை உணரும் செவி நம் ஊராருக்கு இயல்பாகவே வாய்த்திருக்கிறது எனலாம். அச்செவியைக் காகிதத்தின்மீதும் செலுத்துதலே நாம் செய்யவேண்டுவது.

இரயில்வே விதிகளில்

நாம் நாள்தோறும் புழங்கும் இரயில்வேச் சட்டங்களிலிருந்து ஓர் எடுத்துக்காட்டுத் தருவோம். தகுந்த அனுமதிச் சீட்டோ பயணச் சீட்டோ இன்றி எவரும் பயணம் செய்யும் பொருட்டு வண்டியில் ஏறுதலோ தங்குதலோ கூடாது என்று 1989-ஆம் ஆண்டின் இரயில்வேச் சட்டம் 55-ஆம் பிரிவில் கூறுகிறது. அங்கே 'ஷால்' என்னும் சொல்லே ஆளப்பட்டுள்ளது. மறுப்புடன் கூடிய 'ஷால்' மிக வலியது. அது முற்றான தடை. ஏமாற்றும் எண்ணத்துடன் சீட்டின்றிப் பயணம் செய்வோரைப் பற்றிய 137-ஆம் பிரிவிலோ இரு சொற்களும் அடுத்தடுத்து வருகின்றன. குற்றவாளி தண்டனைக்குரியவர் ஆதல் 'ஷால்'. அத்தண்டனை இன்ன அளவுவரை நீளுதல் 'மே'. தண்டிப்பது கடன், எவ்வளவு என்பது நீதிபதியின் வல்லமை. ஒரு வாக்கியத்திற்குள் இரண்டும் தத்தம் இடத்தை அறிந்து நிற்கும் அழகினைக் காண்க.

நாடு அதிர்ந்த ஒரு 'மே'

இச்சிறு சொல் ஒருகாலத்தில் பாராளுமன்றத்தையே கலக்கியது என்பதை இளைஞர் பலர் அறியார். அவ்வரலாறு வருமாறு:

1950 ஜனவரி 26-ஆம் நாள் அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்தது. அதன் 343-ஆம் பிரிவு, பதினைந்து ஆண்டுகளுக்கு ஆங்கிலம் ஆட்சிப் பணிகளில் தொடர்தல் வேண்டும் என்று கூறிற்று; அஃது ஒரு 'ஷால்'. அதன்பின் ஆங்கிலத்தைத் தொடர விரும்பின் பாராளுமன்றம் சட்டம் இயற்றலாம் என்று கூறிற்று. அஃது ஒரு 'மே'. இந்தி பேசாத மக்கள் விரும்பும்வரை ஆங்கிலம் நீடிக்கும் என்று 1959 ஆகஸ்டில் பிரதம மந்திரி நேரு லோக சபையில் உறுதி கூறினார். அவ்வுறுதிக்குச் சட்டவடிவம் தருவதாக 1963 ஏப்ரலில் உள்நாட்டு மந்திரி லால் பகதூர் சாஸ்திரி ஆட்சிமொழி மசோதாவைக் கொண்டுவந்தார்.

மசோதாவின் 3-ஆம் பிரிவில், இந்தியோடு ஆங்கிலமும் தொடர்ந்து பயன்படுத்தப்பெற 'மே' என்று இருந்தது. புயல் அங்கேதான் எழுந்தது. இராஜ்ய சபையில் உறுப்பினராயிருந்த அறிஞர் அண்ணா, 'பயன்படுத்தலாம்' என்பதற்குள் 'பயன்படுத்தாமலும் இருக்கலாம்' என்பது அடங்கியிருக்கிறதே என்று சுட்டிக்காட்டினார். இவ்விடத்தில் 'மே' என்பதற்கு 'ஷால்' என்றே பொருள் என அரசாங்கத் தரப்பில் விளக்கம் கூறினர். அப்படியாயின் 'ஷால்' என்றே எழுதிவிட்டால் என்ன என்பதே எதிர்த்தரப்பாரின் வினா. அவ்வினாவிற்கு ஏற்ற விடை கிடைக்கவில்லை. 1963 மே மாதம் 10-ஆம் நாள் மசோதா சட்டமாயிற்று. மே மாதத்தில் பிறந்த சட்டத்தில் 'மே' என்னும் சொல்லே நிலைத்தது.

இஃது இலக்கணப் புலவர்களின் வாதம் என்று எவரும் எண்ணிவிடலாகாது. நேரு 1964 மே 27-இல் மறைந்தார். வாக்குறுதி கூறியவர் மறைந்தபின் காகிதத்தில் எழுதிய சொல்லே எஞ்சி நின்றது; அச்சொல்லோ 'மே'. 1965 ஜனவரி 26 நெருங்க, தமிழகத்தில் மாணவர் கிளர்ச்சி மூண்டது. உயிர்கள் பல மாண்டன. பிப்ரவரி 11-ஆம் நாள் மத்திய மந்திரிகளான சி. சுப்பிரமணியமும் ஓ. வி. அளகேசனும் பதவி விலகினர். அன்றிரவே பிரதம மந்திரி சாஸ்திரி வானொலியில் பேசி, நேருவின் உறுதிமொழி காக்கப்படும் என்றார்.

பின்னர் 1967 டிசம்பரில் பாராளுமன்றம் அச்சட்டத்தைத் திருத்தியது. 1968 ஜனவரி 8-ஆம் நாள் திருத்தம் சட்டமாயிற்று. அதில் ஒரு விந்தையைக் காணலாம். 3-ஆம் பிரிவின் தொடக்கத்தில் இருந்த பழைய 'மே' நீக்கப்படவில்லை. இன்றும் அங்கேயே இருக்கிறது. ஆனால் அதனைச் சுற்றிப் பல 'ஷால்'களைக் காவல் வைத்துவிட்டனர். இந்தியை ஆட்சிமொழியாக ஏற்காத மாநிலத்துடன் மத்திய அரசு ஆங்கிலத்தில் கடிதப் போக்குவரத்து நடத்துதல் 'ஷால்'. தீர்மானங்கள், பொது ஆணைகள், விதிகள், அறிவிக்கைகள் முதலியன இரு மொழியிலும் வெளிவருதல் 'ஷால்'. இந்தியை ஏற்காத மாநிலங்கள் அனைத்தின் சட்டமன்றங்களும் ஆங்கிலத்தைக் கைவிடத் தீர்மானம் நிறைவேற்றி, அதன்பின் பாராளுமன்றத்தின் இரு சபைகளும் அவ்வாறே தீர்மானிக்கும்வரை இவ்வேற்பாடுகள் நீடித்தல் 'ஷால்'. வேலியில்லாத பயிரை ஆடு மேயும், வேலியிட்டபின் மேயுமோ?

நீதிமன்றத்தின் பார்வை

'ஷால்' என்று எழுதிவிட்டால் எல்லாம் முடிந்ததோ எனின், அன்று. 1957-ஆம் ஆண்டில் நம் சுப்ரீம் கோர்ட் ஒரு வழக்கில் தீர்ப்புக் கூறிற்று. அரசாங்க ஊழியர்மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்கும்போது பப்ளிக் சர்வீஸ் கமிஷனைக் கலந்துகொள்ளுதல் 'ஷால்' என்று அரசியலமைப்பின் 320-ஆம் பிரிவு கூறுகிறது. அவ்வாறு முறையாகக் கலந்துகொள்ளாவிடினும் அதனாலேயே நடவடிக்கை செல்லாததாகிவிடாது என்று நீதிபதிகள் கூறினர். அஃதாவது, அவ்விடத்து 'ஷால்' வழிகாட்டுவதேயன்றி மீறினால் செயலையே அழிப்பதன்று.

இதற்கு மறுதலையும் உண்டு. 1880-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை ஒரு பாதிரியார் தொடர்பான வழக்கில், வெறும் அதிகாரம் தரும் சொற்கள் தம்மளவில் கட்டாயம் ஆகா என்று கூறிற்று. ஆயினும், அவ்வதிகாரம் பிறருடைய உரிமையைக் காக்கும் பொருட்டே தரப்பட்டதாயின், அதனைச் செலுத்தும் கடமையும் உடன் சேர்ந்து வரக்கூடும் என்றும் விளக்கிற்று. ஆகவே 'மே' சில இடங்களில் 'ஷால்' ஆகும். 'ஷால்' சில இடங்களில் 'மே' ஆகும். இக்குழப்பத்தைக் கண்டே பிற்காலத்தார் சிலர் 'ஷால்' என்பதை விடுத்து 'மஸ்ட்' என்னும் ஐயமற்ற சொல்லை ஆளத் தொடங்கினர். 1996-ஆம் ஆண்டின் தென்னாப்பிரிக்க அரசியலமைப்பு அவ்வாறு எழுதப்பட்டதே.

இதனால் சட்டச் சொற்களுக்கு மதிப்பில்லை என்று கொள்ளலாகாது. ஐயம் எழும்போது நீதிபதி பொருள் கூறுவார். ஆனால் நீதிமன்றம்வரை செல்ல நம் பெரியவரைப் போன்றோர்க்கு இயலுமோ? எளியவனுக்குக் காகிதத்தில் எழுதியுள்ள சொல்லே நீதிமன்றம்.

நம் பகுதிக்கு வருவோம்

1956 நவம்பர் முதல் நாள் மாநிலங்கள் திருத்தி அமைக்கப்பட்டபோது தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் சென்னை இராஜ்யத்துடன் சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. அதனால் இப்பகுதித் தமிழருள் சிலர் பிழைப்பை நாடிப் பின்னர் வந்தவர்கள். சிலரோ தாம் இருந்த இடத்தில் இருக்க, எல்லைக்கோடு தம் வீட்டிற்குத் தெற்கே விழக் கண்டவர்கள். இருசாராருக்கும் அரசியலமைப்பில் காப்பு உண்டு. அக்காப்பின் சொற்களை நாம் கற்ற இலக்கணத்தைக் கொண்டு படித்துப் பார்ப்போம்.

350-ஆம் பிரிவு: குறைநீக்கம் வேண்டி மத்திய அரசின் அல்லது மாநிலத்தின் எந்த அதிகாரிக்கும், ஒன்றியத்தில் அல்லது அம்மாநிலத்தில் வழங்கும் மொழி எதிலும் மனு அளிக்க ஒவ்வொருவரும் உரிமை உடையவராதல் 'ஷால்'. ஆகவே நாம் தமிழில் மனு எழுதுவது எவருடைய தயவினாலும் அன்று, அஃது உரிமை. ஆனால் விடை எம்மொழியில் வரவேண்டும் என்பதைப் பற்றி அப்பிரிவு வாய்திறக்கவில்லை. மனு கொடுக்க 'ஷால்' உண்டு. மறுமொழிக்கு அங்கே ஒரு 'மே'கூட இல்லை.

350-அ பிரிவு: இது 1956-ஆம் ஆண்டின் ஏழாவது திருத்தத்தால் சேர்ந்தது. மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியில் தாய்மொழி வழியே கற்பிக்கப் போதிய வசதி செய்துதர ஒவ்வொரு மாநிலமும் உள்ளூர் ஆட்சியும் முயலுதல் 'ஷால்' என்கிறது. கூர்ந்து நோக்குக. 'ஷால்' இருக்கிறது, ஆனால் அது வசதி செய்தலைப் பற்றி நிற்கவில்லை, முயலுதலைப் பற்றி நிற்கிறது. கடன் எனப்பட்டது முயற்சியே.

இதற்கு முன்னரே, 1949 ஆகஸ்டில் கூடிய மாகாணக் கல்வி மந்திரிகள் மாநாடு ஓர் அளவினை வகுத்தது. பள்ளி முழுவதிலும் அம்மொழி பேசும் மாணவர் நாற்பதுபேருக்குக் குறையாமலோ, ஒரு வகுப்பில் பத்துப்பேருக்குக் குறையாமலோ இருப்பின், ஓராசிரியரையேனும் நியமித்துத் தாய்மொழிக் கல்விக்கு ஏற்பாடு செய்தல் வேண்டும் என்பது அது. தொகை சேர்ந்தால் கடன் பிறக்கும் என்க. நம் பெரியவருக்கு வந்த கடிதத்தில் 'போதிய மாணவர்' என்ற தொடரின் பின்னணி இதுபோன்ற கணக்கே.

இனி, 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டத்தைக் காண்க. தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துடனும் துறைத் தலைவர் அலுவலகங்களுடனும், சிறுபான்மைப் பகுதி என அறிவிக்கப்பெற்ற இடங்களிலுள்ள உள்ளூர் அலுவலகங்களுடனும் தத்தம் மொழியில் கடிதம் எழுத 'மே' என்றும், அவற்றிற்கு வரும் மறுமொழிகளும் அம்மொழியிலேயே இருத்தல் 'ஷால்' என்றும் அது வகுத்தது. இதே அமைப்பை மத்திய அரசின் 1976-ஆம் ஆண்டு ஆட்சிமொழி விதிகளிலும் காணலாம். அங்கே இந்தியில் வந்த கடிதத்திற்கு இந்தியிலேயே விடை தருதல் 'ஷால்'. அவ்விதிகள் தமிழ்நாடு நீங்கலாக இந்தியா முழுமைக்கும் உரியன. ஆகவே பாறசாலை நிலையத்தில் அவை செல்லும். அடுத்துள்ள குழித்துறையில் செல்லா!

1969-ஆம் ஆண்டுச் சட்டத்தின் அவ்வொரு வாக்கியத்தில்தான் இக்கட்டுரையின் சாரம் முழுவதும் அடங்கியிருக்கிறது. அதில் 'மே' நம்முடையது, 'ஷால்' அலுவலகத்தினுடையது. நாம் தமிழில் எழுதலாம் என்னும் வல்லமை முன்னே நிற்கிறது. தமிழில் விடை தரவேண்டும் என்னும் கடன் அதன் பின்னே நிற்கிறது. நாம் நம் 'மே'யைப் பயன்படுத்தி ஒரு வரியும் எழுதாவிடின் அந்த 'ஷால்' எழுவதற்கு இடமே இல்லை. கேட்காத கடன் கணக்கில் கிடந்து காலாவதியாகும்.

நம்முள் பலர் என்ன செய்கிறோம்? தமிழில் எழுதினால் மதிக்கமாட்டார்களோ என்று அஞ்சி, அரைகுறை ஆங்கிலத்தில் எழுதுவிக்கிறோம். வந்த ஆங்கில விடையை மற்றோர் அரைகுறை ஆங்கிலம் அறிந்தவரிடம் கொடுத்துப் பொருள் கேட்கிறோம். அவர் 'மே'யை 'ஷால்' ஆக்கி நம்மை மகிழ்விக்கிறார். அத்தகையோருள் ஒருவராக இருந்தமைக்காக நாம் வெட்கப்படுகிறோம்.

செய்யத்தக்கவை

நம் குடும்பத்தார்க்குச் சில சொல்ல விரும்புகிறோம்.

முதலாவது, அலுவலகக் காகிதம் எதுவாயினும் முதலில் துணைவினையைத் தேடுக. 'மே' என்றிருந்தால், அஃது இன்னும் முடிவாகவில்லை என்று அறிந்து அடுத்த வேலையைத் தொடங்குக. 'ஷால்' என்றிருந்தால், யார் செய்யவேண்டும், எதனைச் செய்யவேண்டும், எந்த நாளுக்குள் என்று பார்க்க. சிலபோது அந்த 'ஷால்' நம் தலையிலேயே விழுந்திருக்கும். குறித்த நாளுக்குள் சான்றிதழ் அளிக்கவேண்டியவர் நாமாகவே இருப்போம்.

இரண்டாவது, நிபந்தனையைத் தேடுக. 'இருப்பின்', 'தெரியவரின்' என்னும் சொற்கள் எங்கேனும் ஒளிந்திருக்கும். அந்நிபந்தனையை நிறைவேற்றுதல் நம் பொறுப்பா, அவர் பொறுப்பா என்று கேட்டுத் தெளிக.

மூன்றாவது, தமிழில் மனு எழுதுக. நகல் ஒன்று வைத்துக்கொள்க. மனு பெற்றுக்கொண்டமைக்கு இரசீது வாங்குக. விடை புரியவில்லையாயின், விளக்கம் வேண்டி மீண்டும் தமிழிலேயே எழுதுக.

நான்காவது, பிறருக்குப் பொருள் கூறுவோர் தெரியாததைத் தெரியாது என்று சொல்லுக. ஒரு மாலைப்பொழுதின் பெருமைக்காக ஏழையின் ஓராண்டை வீணாக்கலாகாது.

நிற்க. பெரியவரிடம் நாம் சென்று நம் பிழையை ஒப்புக்கொண்டோம். தறியை நிறுத்திவிட்டு அமைதியாகக் கேட்டார். பின்னர், "தம்பி, நூல் ஒன்று அறுந்தால் துணியை வீசி எறிவதில்லை. அறுந்த இடத்தைத் தேடி முடிச்சுப் போடுவோம். இப்போது அறுந்த இடம் தெரிந்துவிட்டதே" என்றார். அவரிடத்தில் கோபமில்லை. அதுவே நமக்குத் தண்டனையாயிற்று.

அடுத்த ஞாயிற்றுக்கிழமைகளில் அவரும் நாமும் வீடு வீடாகச் சென்றோம். தமிழ் கற்க விரும்பும் குழந்தைகளின் பெயர், வகுப்பு, பெற்றோர் கையொப்பம் ஆகியவற்றைத் தாளில் எழுதினோம். கையெழுத்திடத் தயங்கியவர்களும் உண்டு; "எழுதினால் நடக்குமோ?" என்று கேட்டவர்களும் உண்டு. "நடக்கலாம்" என்றே இம்முறை விடை கூறினோம். "நடக்கும்" என்று ஒருவருக்கும் கூறவில்லை. முடிவில் மனுவைத் தமிழில் எழுதிப் பட்டியலுடன் அனுப்பி இரசீதும் பெற்றோம். மறுமொழி இன்னும் வரவில்லை.

அது வரும்போது, அதில் உள்ள துணைவினை எது என்று முதலில் படித்துச் சொல்லப்போகிறவள் பெரியவரின் பேத்திதான். 'மே' என்றால் என்ன, 'ஷால்' என்றால் என்ன என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டோம். "மே என்றால் செய்யலாம், ஷால் என்றால் செய்யவேண்டும். அப்படித்தானே, மாமா?" என்று கேட்டாள். அப்படித்தான் என்றோம்.